அடிக்காமல் நாய் பழக்குவோம்
‘டிக்’ சத்தத்தை வைத்து முதற் பாடங்கள்

கோழி செத்துக் கிடக்கிறது. நாய் வேலியோரம் நின்று பார்க்கிறது. வீட்டுக்காரர் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஜிம்மி, வா, வா” என்று கூப்பிடுகிறார். நாய் வாலைப் பதித்துக்கொண்டு மெல்ல வருகிறது. வந்ததும் நாலைந்து அடி விழுகிறது. கோழி பிடிக்கக் கூடாது என்பதை இன்றைக்கு நாய் படித்திருக்கும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். நாய் படித்தது வேறு. கூப்பிட்டால் போகக் கூடாது, போனால் அடி விழும் என்பதுதான் அது படித்த பாடம். கோழியைப் பிடித்ததற்கும் அடி வாங்கியதற்கும் இடையில் கால் மணித்தியாலம் கழிந்துவிட்டது. அந்தக் கால் மணித்தியாலத்தைத் தாண்டி இரண்டையும் முடிச்சுப் போட நாயின் மூளைக்குத் தெரியாது. அடி விழுவதற்குச் சற்று முன் அது செய்த வேலை, கூப்பிட்ட குரலுக்கு வந்தது மட்டுமே.

சொந்த வளவில், நாலு பக்கமும் கிடுகு வேலி அடைத்து வாழ்ந்த காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. நாய் தன்பாட்டில் கிடக்கும், இரவில் குரைக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும். இடம்பெயர்ந்து உறவினர் காணியிலோ, கொட்டில்கள் நெருங்கிய இடத்திலோ இருக்கும்போது நிலைமை வேறு. நம்முடைய நாய் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்தால் அந்த வீட்டின் முட்டைக் காசு போய்விடும். அதோடு வாய்த்தர்க்கம் தொடங்கும், சில வேளை கிராம அலுவலர் வரைக்கும் போகும். திரும்பிக் குடியேறியவர்களுக்கோ வேறு தேவை. பற்றை வளர்ந்த காணியில் பன்றிக்கும் குரங்குக்கும் காவலாக நாய் வேண்டும். ஆனால் அந்த நாய் கூப்பிட்டவுடன் திரும்பி வருகிற நாயாக இருக்க வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தை வேடிக்கை காட்டுவதற்காகப் படிக்க வேண்டாம். கூப்பிட்டால் வருவது, விடு என்றால் விடுவது ஆகிய இரண்டையும் உங்கள் நாய் படித்தால் போதும்.

சத்தம் எதற்கு?

நாய்க்குப் பேச்சு விளங்காது. அது சரியான ஒன்றைச் செய்யும் அந்தக் கணத்தில், “இதுதான், இதற்குத்தான் சாப்பாடு” என்று அதற்கு எப்படிச் சொல்வது? சாப்பாட்டை எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு மூன்று செக்கன் போய்விடும். அதற்குள் நாய் எழும்பியிருக்கும், திரும்பியிருக்கும், காதைச் சொறிந்திருக்கும். எதற்காகச் சாப்பாடு கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் ஒரு சிறு சத்தம். ‘டிக்’ என்று கேட்டால் சாப்பாடு வரும் என்று முதலில் பழக்கிவிடுகிறோம். அதன் பிறகு நாய் சரியானதைச் செய்கிற கணத்திலேயே ‘டிக்’ செய்கிறோம். சாப்பாடு ஆறுதலாக வரலாம். நாய்க்குச் செய்தி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

படம் பிடிப்பதைப் போல் எண்ணிக்கொள்ளுங்கள். கமராவின் பொத்தானை அமத்திய கணத்தில் என்ன இருந்ததோ அதுதான் படத்தில் விழும். ‘டிக்’ சத்தமும் அப்படித்தான்.

இந்த முறை நேற்று வந்ததல்ல. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி 1951இல் எழுதிய கட்டுரையில், அமத்தினால் சத்தமிடும் சிறு விளையாட்டுப் பொருளொன்றைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டார். அவரிடம் படித்த கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் என்ற தம்பதியர் ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறி இதையே தொழிலாகச் செய்தார்கள். கோழி, பன்றி, முயல் என்று பலவற்றைப் பழக்கினார்கள். 1960களில் ஹவாய்த் தீவில் கரன் பிரையர் என்ற பெண்மணி டொல்பின்களை விசில் ஊதிப் பழக்கினார். தண்ணீருக்குள் நீந்தும் டொல்பினுக்குக் கழுத்துப்பட்டியும் போட முடியாது, தடியாலும் அடிக்க முடியாது. வேறு வழியே இல்லாத இடத்தில் இந்த வழி நன்றாக வேலை செய்தது. 1984இல் அவர் எழுதிய புத்தகத்தின் மூலமும், 1990களில் நடத்திய வகுப்புகள் மூலமும் இம்முறை நாய் வளர்ப்போரிடையே பரவியது. அவர்கள் கையில் வைத்திருக்கும் சிறு பெட்டிக்கே ‘கிளிக்கர்’ என்று பெயர்.

கையில் இருப்பதே போதும்

கடையில் கிளிக்கர் தேடி அலைய வேண்டாம். ஜாம் போத்தல்களின் தகர மூடி சிலவற்றில் நடுப்பகுதி சற்று மேலே எழும்பி நிற்கும். பெருவிரலால் அமத்தி விட்டால் ‘டிக்’ என்று சத்தம் வரும். அதுவே அருமையான கிளிக்கர். அமத்தி எழுதும் குமிழ்முனைப் பேனாவும் உதவும். ஒன்றுமே இல்லாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ‘டொக்’ என்று சத்தமிடலாம். இதில் ஒரு வசதி உண்டு, இரண்டு கையும் சும்மா இருக்கும். எதுவானாலும் வேறு வேளைகளில் கேட்காத சத்தமாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒலிப்பதாகவும் இருக்க வேண்டும். “கெட்டிக்காரன்” என்று வாயால் சொல்வது இதற்குச் சரிவராது. காலையில் ஒரு குரல், களைத்து வந்த மாலையில் இன்னொரு குரல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஷெல்லும் குண்டும் விழுந்த இடங்களில் வளர்ந்த நாய்களும் உண்டு. பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிக்கும் நாயை நாம் கண்டிருக்கிறோம். அப்படியான நாய் தகர மூடியின் சத்தத்துக்கே திடுக்கிடலாம். காதைப் பின்னுக்கு மடித்தாலோ, உடம்பைப் பதித்தாலோ மூடியைத் துணியில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்து அமத்துங்கள். அதற்கும் பயந்தால் மூடியை விட்டு நாக்குச் சத்தத்துக்கு மாறுங்கள். பயந்த நாயைப் பழக்க முடியாது. மனிதருக்கும் அப்படித்தானே.

அடுத்தது சாப்பாடு. வீட்டில் பிள்ளைகளுக்கே இழுபறியாக இருக்கும்போது நாய்க்கு இறைச்சி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாய்க்குக் கொடுக்கும் அன்றாடச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து, மீன் அவித்த தண்ணீரில் பிசைந்து, கடலையளவு உருண்டைகளாக்குங்கள். மீன் வெட்டும்போது கழிக்கும் பகுதிகளை முள்ளில்லாமல் அவித்தும் எடுக்கலாம். ஒரு நெத்தலிக் கருவாட்டை நாலாகப் பிய்க்கலாம். ஆனால் கருவாட்டை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் குறைக்க வேண்டும். வெங்காயம் சேர்த்த கறி, சொக்கலேற், உலர்ந்த முந்திரிகைப் பழம் ஆகியவை நாய்க்குக் கூடாது. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். துண்டு சிறிதாக இருப்பது முக்கியம். பெரிய துண்டு கொடுத்தால் மென்று முடிக்கவே நேரம் போய்விடும், வயிறும் நிரம்பிவிடும்.

முதல் நாள்

நாய் சாப்பிடுவதற்கு முன், சற்றுப் பசியோடு இருக்கும் நேரம் பாருங்கள். ஆட்கள் நடமாடாத மூலையில் நில்லுங்கள். பத்துப் பதினைந்து துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாயிடம் ஒன்றும் கேட்காதீர்கள். ‘டிக்’ செய்து ஒரு துண்டு கொடுங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் ‘டிக்’, ஒரு துண்டு. சத்தம் முதலில், சாப்பாடு பிறகு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நாய் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், சத்தத்தைக் கவனிக்காது. துண்டு முடிந்ததும் நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு, நாய் வேறெங்கோ பார்க்கும்போது ‘டிக்’ செய்து பாருங்கள். சட்டென்று திரும்பிச் சாப்பாட்டைத் தேடினால் அதற்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதிலிருந்து ஒரு சட்டம் பிறக்கிறது, அதை மீறவே கூடாது. ஒரு ‘டிக்’குக்கு ஒரு சாப்பாடு. தவறுதலாக அமத்திவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஏமாற்றினால் சத்தத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். அதேபோல நாயைக் கூப்பிடுவதற்கும் மூடியை அடிக்காதீர்கள். பிள்ளைகள் அதை எடுத்து நாள் முழுக்க அடித்துக்கொண்டு திரியாமல் உயரத்தில் வையுங்கள்.

கையைத் தொடு

முதற் பாடமாக இதைத்தான் நான் எடுப்பேன். லேசானது, பின்னால் கூப்பிடப் பழக்குவதற்கும் உதவும். வெறுங்கையை விரித்து நாயின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். நாய் இயல்பாகவே மணந்து பார்க்க வரும். மூக்குப் பட்டவுடன் ‘டிக்’, மற்றக் கையிலிருந்து சாப்பாடு. கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டுங்கள். ஐந்தாறு முறைக்குள் நாய் வேண்டுமென்றே வந்து தொடும். அதன் முகத்தைப் பாருங்கள். ‘நான் செய்தால் இவர் கொடுக்கிறார்’ என்று அது கண்டுபிடிக்கும் கணம் நன்றாகத் தெரியும். அடித்துப் பழக்கிய நாயின் முகத்தில் அதைக் காண முடியாது. பிறகு கையை இரண்டு அடி, ஐந்து அடி என்று தள்ளிப் பிடியுங்கள். இப்போது நாய் எழும்பி நடந்து வந்து தொடும். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை இழுக்கவும் இல்லை.

இருக்கப் பழக்குதல், நான் விட்ட பிழை

நாயின் முதுகை அமத்தி இருத்த வேண்டாம். சாப்பாட்டுத் துண்டை மூக்கின் முன் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தாழும். நிலத்தில் பட்டவுடன் ‘டிக்’. மூன்று நாலு முறைக்குப் பிறகு துண்டில்லாத கையால் அதே சைகையைக் காட்டுங்கள். தயங்காமல் இருக்கத் தொடங்கிய பிறகுதான் “இரு” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். முதலில் சொல், பிறகு சைகை. விளங்காத நாயைப் பார்த்து “இரு, இரு, இரு” என்று கத்துவதால் அந்தச் சொல் வெறும் இரைச்சலாகிவிடும்.

முதன்முதல் நான் பழக்கிய நாய் இருந்தவுடன் எழும்பிவிடும். இருக்கும், எழும்பும், சாப்பாட்டுக்கு நிற்கும். பொல்லாத நாய் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன், பிழை என்னுடையது. நாய் இருந்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, அதன் பிறகு ஆறுதலாக மூடியை அமத்தியிருக்கிறேன். அதற்குள் நாய் எழும்பத் தொடங்கிவிடும். நான் ‘இருந்து எழும்பு’ என்று அதற்கு ஒழுங்காகப் படிப்பித்திருக்கிறேன். நாய் பிழை செய்வதாகத் தோன்றும் இடத்தில், நீங்கள் அமத்திய நேரத்தை முதலில் சந்தேகியுங்கள். இதற்கு நாயில்லாமலே பயிற்சி எடுக்கலாம். ஒருவர் பந்தை மேலே எறிய, அது உச்சியில் நிற்கும் கணத்தில் மற்றவர் ‘டிக்’ செய்ய வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களை வென்றுவிடுவார்கள்.

கோழியை வைத்தும் பழகலாம். சிரிக்க வேண்டாம். மரியன் பிரிலண்டும், கெல்லரின் மறைவுக்குப் பின் அவர் மணம் முடித்த பொப் பெய்லியும், நாய் பழக்க விரும்பியவர்களுக்கு முதலில் கோழியைக் கொடுத்தே பயிற்சி நடத்தினார்கள். கோழி வெகு வேகமாக அசையும். ஒரு கணம் பிந்தினால் அது வேறொன்றைச் செய்திருக்கும். கோழியின் வேகத்துக்குக் கை பழகியவருக்கு நாய் லேசு.

கூப்பிட்டால் வருதல்

இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். இரண்டு எட்டுத் தூரத்தில் நின்று, நாயின் பெயரோடு “வா” என்று சந்தோசமான குரலில் ஒரு முறை சொல்லுங்கள். கையை விரித்துக் காட்டுங்கள். அது உங்களை நோக்கித் திரும்பும் கணத்தில் ‘டிக்’. அருகில் வந்ததும் சாப்பாடு. திரும்புவதுதான் கடினமான பகுதி, திரும்பினால் மீதியை அதுவே நடந்து வரும். பிறகு அக்காவும் தம்பியும் வளவின் இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிக் கூப்பிடட்டும். நாய்க்கு அது விளையாட்டாகிவிடும். வெளி இடங்களில் நீண்ட கயிறு கட்டிப் பழக்குங்கள். கயிற்றால் இழுக்க வேண்டாம், ஓடிப்போகாமல் இருக்க மட்டும் அது.

கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அது என்ன செய்துவிட்டு வந்திருந்தாலும் சரி. கூப்பிட்டவுடன் பிடித்துக் கட்டுவதும் நாய்க்குத் தண்டனைதான். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை கழுத்துப் பட்டியைத் தொட்டு, சாப்பாடு கொடுத்து, போக விட்டுவிடுங்கள். பத்தாவது முறை கட்டினால் அது கோபிக்காது. ஏற்கெனவே அடி வாங்கிப் பழகிய நாய்க்குப் பழைய “வா” என்ற சொல்லைக் கைவிட்டு, விசில் அடித்தோ வேறு சொல் சொல்லியோ புதிதாகத் தொடங்குவது நல்லது.

கோழியை விடு

மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து நாய்க்கு முன் பிடியுங்கள். நக்கும், பிறாண்டும். கையைத் திறக்காமல், பேசாமல் இருங்கள். அலுத்துப்போய் ஒரு கணம் முகத்தைத் திருப்பும். அந்தக் கணம் ‘டிக்’, மற்றக் கையிலிருந்து சாப்பாடு. விட்டால்தான் கிடைக்கும் என்பது சீக்கிரம் விளங்கிவிடும். அப்போது “விடு” என்ற சொல்லைச் சேருங்கள். அடுத்து நிலத்தில் வைத்த துண்டுக்கு இதே பாடம். அதன் பிறகே கோழி. கோழியைக் கூட்டுக்குள் விட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அது கோழியைக் கண்டும் அமைதியாக நிற்கக்கூடிய தூரத்தில் நில்லுங்கள். முப்பது அடியோ ஐம்பது அடியோ, அது நாயைப் பொறுத்தது. கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் ‘டிக்’. நாளுக்கு ஓரிரு எட்டாகக் கிட்டப் போங்கள். இழுக்கவோ குரைக்கவோ தொடங்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். இது வாரக் கணக்கில் செல்லும் வேலை.

எல்லா நாயிலும் இது முழுதாகச் சரிவரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பிரிலண்ட் தம்பதியரே 1961இல் தங்கள் தோல்விகளை எழுதி வெளியிட்டார்கள். நாணயத்தைக் கொண்டுபோய் உண்டியலில் போடப் பழக்கிய பன்றி, நாளடைவில் நாணயத்தை நிலத்தில் போட்டு மூஞ்சியால் கிண்டத் தொடங்கியது. பிறவிக் குணம் பயிற்சியை மேவி வந்துவிட்டது. ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். ஆகவே கோழியின் ருசி கண்ட நாயை, எவ்வளவு பழக்கினாலும், திரியும் கோழிகளுக்கு நடுவே தனியே விட்டுப்போக வேண்டாம். கூடும் வேலியும் கயிறும் தேவைதான்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நாய் ஒரு பாடத்தை நன்றாகச் செய்யத் தொடங்கியபின் அதற்குச் சத்தம் தேவையில்லை. சாப்பாட்டையும் இடைக்கிடை கொடுத்தால் போதும். தடவிக் கொடுப்பதும் கூலிதான். ஆனால் “வா” என்பதற்கு மட்டும் கூலியை நிறுத்தாதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை

விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயைப் பழக்கத் தொடங்க வேண்டாம். ஊசி எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வந்து சேர்ந்த கட்டாக்காலி நாயென்றால் ஊசி போட்ட பிறகும் சில நாட்கள் சாப்பாட்டைக் கையால் கொடுக்காமல் நிலத்தில் போடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்க வேண்டாம். சிறு பிள்ளைகளை நாயோடு தனியே விட்டுப் பழக்கவும் கூடாது.

இரண்டாவது எச்சரிக்கை மிதிவெடி பற்றியது. தன்சானியாவின் மொரோகோரோ நகரில், 1997இல் தொடங்கிய அப்போப்போ என்ற நிறுவனம் ஆபிரிக்கப் பேரெலிகளை இதே ‘டிக்’ சத்தத்தையும் வாழைப்பழத்தையும் கொண்டு வெடிமருந்தின் மணத்தைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறது. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரித்தானிய விலங்கு நல அமைப்பொன்று தங்கப் பதக்கம் கொடுத்தது. அது கண்டுபிடித்த மிதிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் நூற்றுக்கு மேல். இதைக் கேட்டுவிட்டு எங்கள் நாயையும் அப்படிப் பழக்கினால் என்ன என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. மகாவா போன்ற பேரெலி மிதிவெடியை வெடிக்கச் செய்யாத அளவுக்குப் பாரம் குறைந்தது. அதோடு அது கயிற்றில் கட்டி, பயிற்சி பெற்றவர்கள் எல்லை குறித்த நிலத்தில் வேலை செய்தது. உங்கள் நாய் பாரமானது, அந்த மணத்தை அறியாதது. எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் நாய் போய்விட்டால் பின்னால் ஒருவரும் போகக் கூடாது. நாய் நடந்துபோன பாதை பாதுகாப்பான பாதை அல்ல. வெளியே, தெரிந்த பாதையில் நின்று கூப்பிடுங்கள். நீங்கள் நாளாந்தம் வளவுக்குள் நின்று, கையை விரித்து, சோற்று உருண்டை கொடுத்துப் பழக்கும் “வா” அந்த நேரத்துக்கும்தான். திரும்பி வந்த நாய்க்கு அன்றைக்குப் பெரிய துண்டாகவே கொடுங்கள்.